திருநீற்றில் விழுந்த தடம்

ஆவுடையப்பன் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். சூரியன் கிழக்கே உதித்தது என்றாலும் சாட்சி யார் என்று கேட்பார். மனைவி கோமதி போன பிறகு அந்த மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. மேலே ஒருவர் இருந்தால் கோமதி அவரிடம் இருப்பாள். இல்லையென்றால் எங்கேயும் இல்லை. அது தெரிந்தாக வேண்டும் என்று அறுபத்திரண்டு வயதில் மலையேறி, அங்கே தவமிருந்த சடைச்சியம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார்.

சடைச்சியம்மாளுக்கு நாற்பது வயது இருந்தால் அதிகம். அவள் முறைத்தால் கொதிக்கிற உலை ஆறிவிடும் என்று அடிவாரத்தில் பேச்சு. அதில் கால்வாசி நிஜம்.

"குகை வாசலில் போய்ச் சும்மா உட்காருங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மூன்றாம் நாள், வெயில் ஏறும் நேரத்தில் அவர் வேட்டி அவிழ ஓடிவந்தார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தாயே, இருக்கார்! கடவுள் இருக்கார்!"

"பார்த்தீங்களா?"

"பார்க்கலை. முதுகுக்குப் பின்னால வந்து நின்னார். மூணு நாளும். பிடரியில சூடா மூச்சு. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்னுது. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. ஒரு வாசனை வேற, சீரகச் சம்பா வெந்த மாதிரி."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"திரும்பிப் பார்க்கலையே?"

"சாமியை அப்படிப் பார்க்கலாமா? ஆனா சாட்சி வேணும்லா. இன்னிக்கு உட்காரும் முன்னால, பின்பக்கம் திருநீற்றைச் சலிச்சு விட்டேன். கோமதிக்குப் பதினாறாம் நாள் நடுவீட்டுல சாம்பல் சலிச்சு, வந்து போன தடம் இருக்கான்னு பார்த்தோம். ஒண்ணும் விழலை. இங்க விழுந்திருக்கும். பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்லை."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சத்தம் போடாம வாங்க."

பாதை நெடுக ஒரு குருவிகூடக் கத்தவில்லை. மூன்று நாளும் இந்த அமைதியைத்தான் அவர் சந்நிதி என்று நினைத்திருந்தார். இன்று அவர் அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தார்.

குகை வாசலில் அவருடைய பாய் கிடந்தது. அதற்குப் பின்னால், குகையின் பக்கம், திருநீறு வெள்ளை வெளேரென்று பரந்திருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்குத் தடங்கள். நான்கு விரல். பாய்க்கு ஒரு சாண் தூரம்வரை வந்திருந்தன.

ஆவுடையப்பன் விரலை நீட்டினார்.

"தாயே, இது..."

"சிறுத்தை. வளர்ந்த ஆண். அது மூத்திரம் பெஞ்சு எல்லை வெச்ச இடத்துலதான் சோறு வெந்த வாசனை வரும்."

"அப்போ நான் உருகி அழுதது பொய்யா?"

"உங்க மயிர்க்கால் பொய் சொல்லலை அண்ணாச்சி. பேர் வெச்சது நீங்க."

"கடவுள் இல்லைங்கறீங்களா?"

"நான் சிறுத்தையைத்தானே காட்டினேன்?"

குமாஸ்தா மூளை அந்தப் பயத்திலும் ஓடியது. "மூணு நாள் பிடரிக்கிட்ட நின்னும் அது என்னைத் தொடலையே தாயே! தடுத்தது யாரு? அது சாட்சி இல்லையா?"

"போன வாரம் காணாமப்போன கிடாயும் மூணு நாள் இதே வாசல்லதான் மேய்ஞ்சுது."

அவர் தடங்களைக் குனிந்து பார்த்தார். உள்ளேயிருந்து பாய்வரை ஒரு வரிசை. அங்கே திரும்பி, மறுபடி உள்ளே ஒரு வரிசை. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

"தாயே," காற்றுதான் வந்தது. "அது இன்னும் உள்ளேதான்..."

"ஓடாதீங்க. முதுகைக் காட்டாதீங்க. பின்னால அடியெடுத்து வையுங்க."

இருட்டுக்குள் ஏதோ நீளமாக மூச்சுவிட்டது. சீரகச் சம்பா வெந்த வாசனை. அதே மயிர்க்கால்கள் அதேபோல் எழுந்தன. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. அவருடைய உதடுகள் தாமாக முணுமுணுத்தன: "முருகா, முருகா, முருகா..."

சடைச்சியம்மாள் குகையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்:

"சாட்சி இன்னும் வந்து சேரலையே அண்ணாச்சி, அதுக்குள்ள யாரைக் கூப்பிடுறீங்க?"