குளிக்க ஆள் வைத்த ராஜா

கடிகாரமே இல்லாத காலம் அது. அந்தக் காலத்திலும் ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்த ஒரு ராஜாவின் கதை இது. கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

நெடுங்கரை நாட்டை இளவேட்டன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜா. குளம் வெட்டினால் கரையிலேயே நிற்பார். வழக்கு வந்தால் கடைசிச் சாட்சி வரை கேட்பார். கோட்டைச் சுவரில் ஒரு கல் பெயர்ந்தாலும் தானே போய்ப் பார்ப்பார். தான் கண்ணை மூடினால் நாடு கவிழ்ந்துவிடும் என்று மனமார நம்பினார். அதனால் நின்றபடியே சாப்பிட்டார், நடந்தபடியே முகம் கழுவினார், சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் மாறனார் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். வைத்தியரின் முகம் சுண்டிப்போனது.

“அரசே, மூன்றே காரியம் சொல்கிறேன். எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். சோற்றைச் சூடாக, உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாலையில் சிறிது நேரம் தோட்டத்தில் சும்மா இருங்கள். இல்லாவிட்டால் உடம்பு தாங்காது.”

வைத்தியர் சொல்லைத் தட்டக் கூடாது என்பது ராஜாவின் கொள்கை. நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் அவருடைய கொள்கைதான். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். தன்னைப் போலவே உயரமும் பருமனும் உள்ள சாத்தன் என்ற வாயில்காவலனை அழைத்தார்.

“இன்று முதல் எனக்காக நீ குளி. எனக்காக நீ சாப்பிடு. எனக்காக நீ தோட்டத்தில் உட்கார்.”

அரச கட்டளை. சாத்தன் மீறுவானா?

அன்று முதல் சாத்தன் ராஜாவுக்காக எண்ணெய் தேய்த்துக் குளித்தான். ராஜாவுக்காக நெய் ஊற்றிப் பருப்புச் சோறு சாப்பிட்டான். ராஜாவுக்காகத் தோட்டத்தில் காற்று வாங்கினான். மாலையானதும் அவைக்கு வந்து, “தங்கள் குளியல் நன்றாக நடந்தது அரசே” என்று பணிவாகச் சொல்வான். ராஜாவும், அப்பாடா, அந்த வேலை முடிந்தது என்று அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்.

சாத்தனின் கன்னம் பளபளத்தது. ராஜாவின் கன்னம் ஒட்டியது.

“நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை, ஆனாலும் தலை சுற்றுகிறதே” என்று ராஜா வைத்தியரிடம் குறைப்பட்டுக்கொண்டார். விஷயம் தெரியாத வைத்தியர் எண்ணெயை மாற்றிப் பார்த்தார். சாத்தனின் தலைமுடி இன்னும் கருகருவென்று வளர்ந்தது.

கடைசியில் ஒரு வழக்கின் நடுவே ராஜா சிம்மாசனத்திலிருந்து சரிந்து விழுந்தார். கண் விழித்தபோது வைத்தியர் கசப்புக் கஷாயத்தோடு பக்கத்தில் நின்றார். ராஜா பழக்கதோஷத்தில், “சாத்தனிடம் கொடுங்கள்” என்றார்.

சாத்தன் கைகட்டி நின்றான். “குடித்துவிடுகிறேன் அரசே. குளியலை வாங்கிக்கொண்டேன், சோற்றை வாங்கிக்கொண்டேன், காற்றையும் வாங்கிக்கொண்டேன். உங்கள் தலைசுற்றலை எப்படி வாங்கிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.”

வைத்தியருக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ராஜாவுக்கும்தான். கஷாயத்தை வாங்கித் தானே குடித்தார்.

அவர் படுத்திருந்த நாட்களில் மந்திரிகள் வழக்குகளைத் தீர்த்தார்கள். குளத்தில் நீர் நிரம்பியது. நாடு கவிழவில்லை. அதில் ராஜாவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

எழுந்து நடக்க முடிந்ததும், ஒரு மாலை அவரே தோட்டத்துக்குப் போனார். அரசி செங்கமலம் மகிழமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். ராஜாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனால் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. உதடுகள் மறுநாள் வழக்கை முணுமுணுத்தன.

அரசி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சாத்தன் வரும்போது தூரத்தில்தான் உட்காருவான். ஆனால் முழுதாக வருவான்” என்றாள். “நீங்கள் உடம்பை மட்டும் அனுப்பிவிட்டு அவையிலேயே இருக்கிறீர்கள். இதற்கு அவனே தேவலை.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. விரல்கள் நின்றன. அப்போதுதான் மகிழம்பூ வாசனை மூக்கில் ஏறியது. “இந்த மரம் எப்போது பூத்தது?” என்றார்.

“நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பூக்கிறது” என்றாள் அரசி.

அந்த நேரம் பார்த்து ஒரு சேவகன் ஓடி வந்தான். “அரசே, எல்லைத் தகராறு விஷயமாக ஊர்ப் பெரியவர்கள் வந்து காத்திருக்கிறார்கள்.”

ராஜா பாதி எழுந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

“அவர்களுக்கு மோர் கொடு. ராஜா ஒரு முக்கியமான வேலையாக இருக்கிறார், முடித்துவிட்டு வருவார் என்று சொல்” என்றார்.

ஊரையே கட்டிக் காப்பவனானாலும், தன்னைக் கவனித்துக்கொள்ளும் வேலையை உடம்போடும் மனதோடும் தானேதான் செய்தாக வேண்டும்.