நிலவறைக்குள் பேசிய படிக்கம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, அந்த மூலையிலே இருந்தால் காதிலே விழாது. முன்னொரு காலத்திலே கல்லாத்தூர்ச் சீமையை உத்தண்டராசன் என்று ஒரு ராசா ஆண்டான். நினைத்தால் மாலை போடுவான், நினைத்தால் தலையை வாங்குவான்.

ஒருநாள் அவன் வெற்றிலைச் சாறு துப்புகிற தங்கப் படிக்கத்தைக் காணோம். வெற்றிலை மடித்துக் கொடுக்கிற மூக்கன்தான் எடுத்திருப்பான் என்றார் தளவாய் வீரசங்கிலி. அவனை நிலவறைக்குள் தள்ளி மூடுகல்லை இழுத்துவிட்டார். உள்ளே வெளிச்சமில்லை, சத்தமில்லை, பேச ஆளில்லை. பல நாள் கழித்து வெளியே எடுத்தார்கள்.

"நான்தான் எடுத்தேன் சாமி. குளத்திலே போட்டேன். படிக்கமே பக்கத்திலே வந்து உட்கார்ந்து சொல்லிச்சு" என்றான் மூக்கன்.

குளத்தை இறைத்தார்கள். நத்தைதான் கிடைத்தது.

"மறுபடியும் உள்ளே போடுங்கள். சரியான இடத்தைச் சொல்வான்" என்றார் தளவாய்.

மந்திரி திருமலையப்பர் மூக்கனைப் பார்த்தார். அவன் தன் விரல்களையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை உள்ளே போனால் ஆள் திரும்பமாட்டான் என்று அவருக்குப் பட்டது. படிக்கம் இருக்கிற இடமும் அன்று காலையில்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. ராணி அதை ஒடுக்கு எடுக்கத் தட்டாரிடம் கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்தாள். அதை இப்போதே எடுத்து நீட்டினால் மூக்கன் பிழைப்பான். நாளைக்கு வேறொருத்தன் உள்ளே போவான்.

"தளவாய் ஐயா, உண்மை வருகிறதுக்கு அந்த அறைக்குள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?"

"ஒன்றுமில்லை ஓய், அதுதான் விசேஷம். திருடன் பயப்படுவான். நானென்றால் ஒரு மாசம் நிம்மதியாகத் தூங்குவேன்!"

"ஒரு மாசமா! மகராசா, பார்த்துவிடலாமே?"

ராசாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "போம் ஓய், தூங்கிவிட்டு வாரும்!" என்றான். தாங்காவிட்டால் இழுக்க மணிக்கயிறு ஒன்று உள்ளே விட்டார்கள். ராசாவின் மெய்க்காவலரே வாசலில் நின்றார்கள். ஈ காக்கை அண்டவில்லை.

வாரம் திரும்பவில்லை, மணி கிடுகிடுவென்று அடித்தது.

கண் கூச வெளியே வந்த தளவாயிடம், அவர் மூக்கனிடம் கேட்ட கேள்வியையே மந்திரி கேட்டார். "படிக்கத்தை எங்கே வைத்தீர்?"

"லாயத்துக்குப் பின்னாலே புதைத்தேன்! மறுபடி உள்ளே விட்டுடாதீங்க! அந்தப் படிக்கம் ஓயாமல் என் மாமியார் குரலிலே ஏசுகிறது!"

மந்திரி, ராசாவின் காலடியில் தாமே முன்கூட்டிப் போட்டுவைத்திருந்த வாழையிலையை விலக்கினார். அடியிலே படிக்கம் பளபளத்தது. தட்டாரும் ராணியின் தாதியும் வந்து நடந்ததைச் சொன்னார்கள்.

ராசா சிரிக்க வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. "களவே போகாத படிக்கத்துக்கு ரெண்டு திருடனா?"

"மூணாவது ஆளைப் போட்டால் மூணாவது திருடனும் கிடைப்பான், மகராசா. கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் கொடுக்காவிட்டால் மனசு தானே எதையாவது சமைத்துத் தின்னும். பசியிலே ருசி பார்க்காது."

நிலவறையைத் தூர்க்கச் சொன்னான் ராசா. ஊரே பார்க்க, தளவாய்தான் மண் அள்ளிப் போட்டார். மந்திரிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மந்திரி நேரே மூக்கனை, காது நிறையச் சத்தம் கிடைக்கிற கன்னார் தெருவுக்குக் கூட்டிப்போனார். பாத்திரம் அடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன், யாரோ தன்னை ஏசுவதாகத் திடுக்கிட்டுத் திரும்பினான். மந்திரி தரையிலேயே அவனோடு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அது சுத்தியல். அது காக்கா. இது நான்."