இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை

ஈரோட்டில் ஜவுளிக் குடோன்கள் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில் ரிஸ்வானா மருந்துக்கடை வைத்திருந்தாள். வயது இருபத்தெட்டு. அவளிடம் பாடம் கேட்க வந்த ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்பது. குருவைவிட சிஷ்யைக்குப் பதினோரு வயது கூடுதல் என்று தெருவே சிரித்தது. சிரிக்கிற தெருவா வந்து சீட் வாங்கித் தரப்போகிறது? ஜெசிந்தா கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு வேண்டியது பார்மசி கல்லூரியில் ஓர் இடம். நாற்பது ஆகிவிட்டால் அந்தக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள். போன வருடம் நேர்முகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை நேர்முகத்தை விட்டால் அவ்வளவுதான், கரண்டியே கதி.

வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"மேடம், போன வருஷம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. 'காய்ச்சலுக்கு மாத்திரை வேணும்னு ஒருத்தர் வந்தா என்ன குடுப்பீங்க?' மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எல்லாத்தையும் மூச்சு விடாம இங்கிலீஷ்ல சொன்னேன். கேள்வி கேட்ட மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. போகலாம்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அப்புறம் ஏன் அனுப்பினாங்க?"

ரிஸ்வானா ஒரு துணியை நீட்டினாள்.

"அலமாரியைத் துடைங்க, அக்கா. மருந்தை மட்டும் எடுத்து யாருக்கும் குடுத்துடாதீங்க."

ஜெசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பதினெட்டு வருடமாக வீட்டில் துடைக்காத அலமாரியா? ஆனாலும் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

கடைக்கு யார் வந்து என்ன கேட்டாலும் ரிஸ்வானா முதலில் கேட்டது ஒன்றுதான்.

"யாருக்கு?"

தலைவலித் தைலத்துக்கும் அதே கேள்வி. குழந்தை சொட்டு மருந்துக்கும் அதே கேள்வி. பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வரும் பெரியவரே ஒருநாள் பொறுமையிழந்தார்.

"எனக்குத்தாம்மா! மூணு வருஷமா எனக்குத்தான் வாங்கறேன்!"

"சரிங்கய்யா. இன்னைக்கு யாருக்கு?"

"இன்னைக்கும் எனக்குத்தான்!"

அவர் போனதும் ஜெசிந்தா கேட்டுவிட்டாள்.

"தெரிஞ்ச முகத்துகிட்டயே இப்படிக் கேக்கறீங்களே மேடம், இந்த வயசுல ஞாபக மறதியா?"

"அந்த மூலையில தூசி இருக்கு, அக்கா."

செவ்வாய்க்கிழமை வரை இதே கூத்துதான். நேர்முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஜெசிந்தாவின் பையில் அறுபது கேள்வியும் அறுபது பதிலும் எழுதிய நோட்டு. ரிஸ்வானா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பெண் பாடம் சொல்லித் தருகிறாளா, சம்பளமில்லாமல் வேலைக்காரி பிடித்திருக்கிறாளா?

புதன்கிழமை மதியம். இன்சுலின் பெட்டியை ஃபிரிட்ஜில் வைக்க ரிஸ்வானா உள்ளறைக்குப் போயிருந்தாள். குடோனில் துணிப் பேல் தூக்குகிற ஆள் ஒருவர் வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு கை இடுப்பில். பேல் தூக்கும் கொக்கியைக் கவுண்டரில் வைத்தார்.

"இடுப்பு வலிக்கு நல்ல மாத்திரையாக் குடுங்கக்கா."

ஜெசிந்தா கொக்கியைப் பார்த்தாள். கூன் விழுந்த முதுகைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? மேடம் சொன்னது மறந்தே போயிற்று. அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். உள்ளறைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பிறகுதான் போடணும். மூணு நாளைக்கு மேல வேண்டாம்."

ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாருக்கு?"

"எனக்கில்லீங்க," என்றார் அவர். "வீட்ல. ஏழு மாசம். காலையில இருந்து இடுப்பு வலி விட்டு விட்டு வருதுங்கறா."

ரிஸ்வானா ஓடி வந்தாள். அவர் விரல்களைப் பிரித்து அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"இது அவங்களுக்கு ஆகாதுங்கண்ணா. இது மாத்திரை போட்டு அடக்கற வலியும் இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் ஆட்டோவுக்குச் சொல்றேன்."

மனிதர் ஓடினார். கொக்கி கவுண்டரிலேயே கிடந்தது.

"இல்ல மேடம்... பேல் தூக்கறவரு... கை வேற இடுப்புல..." ஜெசிந்தாவுக்கு வாய் குழறியது. "நான் சொன்ன டோஸ் சரிதானே?"

"சரிதான்," என்றாள் ரிஸ்வானா. அட்டையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது ஜெசிந்தாவுக்கு.

கடை சாத்துகிற வரைக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கண் கொக்கியிலேயே இருந்தது. விளக்கு வைத்த பிறகு அவர் வந்தார்.

"எப்படிங்க இருக்காங்க?" ஜெசிந்தாதான் முந்திக் கேட்டாள்.

"ஊசி போட்டுப் படுக்க வெச்சிருக்காங்கக்கா. குழந்தை அசையுதாம். நேரத்தோட கூட்டிட்டு வந்தியேன்னாங்க டாக்டரம்மா."

அவர் கொக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜெசிந்தா நோட்டைப் பிரித்தாள். காய்ச்சல் கேள்வி முதல் பக்கத்திலேயே இருந்தது. அதன் கீழே முத்து முத்தான கான்வென்ட் கையெழுத்தில் ஏழு வரிப் பதில். ஏழு வரியையும் அடித்தாள். அப்புறம் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள்.

"மேடம், நாளைக்கும் இதையே கேட்டாங்கன்னா? 'காய்ச்சலுக்கு மாத்திரை வேணும்னு ஒருத்தர் வந்து கேக்கறார்.' பதில் என்னன்னு எழுதட்டும்?"

ரிஸ்வானா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

"கேள்வியே இன்னும் முடியலையே, அக்கா."