தரைக்கு முதல் பந்தி

கல்லும் காற்றும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், சூரியன் வெளிச்சத்தைத் தனியாகவும் சூட்டைத் தனியாகவும் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிச்சம் நேரே தரைக்கு வந்துவிடும். சூட்டை மட்டும் காற்று நடுவழியில் மறித்துக்கொள்ளும். சூரியனுக்குக் கிட்டத்தில் இருப்பவன் நான், முதல் பந்தி எனக்கு, மிச்சம் இருந்தால் தரைக்கு என்று நியாயம் பேசும். மிச்சம் இருந்ததே இல்லை. மலையுச்சி கொதித்தது; கீழே கரிசல் காடு நடுப்பகலிலும் விறைத்துக் கிடந்தது. பந்தியை மறித்து உட்கார்ந்தவர்கள் எந்தக் காலத்தில் அடுத்தவர் இலையைப் பார்த்திருக்கிறார்கள்?

தரையில் இருந்த உயிர்கள் ஒவ்வொன்றாக மலைக்குக் குடிபோயின. அங்கே காற்றைப் புகழ்ந்து ரெண்டு வார்த்தை சொன்னால் சூடு கிடைக்கும். ஆள்காட்டிக் குருவி மட்டும் போகவில்லை. வெறுந்தரையில் முட்டையிடும் பறவை அது. எவ்வளவு அடைகாத்தாலும் தரை கீழிருந்து குளிரை ஏற்றிக்கொண்டே இருந்தது. முட்டைக்குள் அசைவு குறைந்துகொண்டு வருவது அதன் வயிற்றுக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது.

காற்று இறங்கி வந்து நயமாகப் பேசியது. முட்டைகளை மலைக்குக் கொண்டுவந்து, எல்லாம் உங்கள் தயவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றது.

"எங்கம்மா என்னையத் தரையிலதான் பொரிச்சா," என்றது ஆள்காட்டி. "எம்பிள்ளைகளும் இங்கதான் பொரிக்கும். எங்க பங்கை எங்களுக்கே பிச்சையாப் போட நீ யாரு?"

அப்படியானால் குளிரிலேயே கிட என்று காற்று மேலே போய்விட்டது.

ஆள்காட்டி முட்டைகளைக் கரிசல் மண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, சூரியனைப் பார்க்கக் கிளம்பியது. மேலே போகப் போகக் காற்று கொதித்தது. தலையும் மார்பும் கரிந்தன; கண்ணோரம் வெந்து சிவந்தது. திரும்பிப் போ என்று காற்று மிரட்டியது. ஆள்காட்டி இன்னும் வேகமாகச் சிறகடித்தது.

சூரியனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்துத்தானே அனுப்புகிறேன் என்றது.

"அனுப்பினாப் போதுமா சாமி? போய்ச் சேந்துச்சான்னு பாக்க வேண்டாமா?" ஆள்காட்டியின் குரல் ஆத்திரத்தில் கிழிந்தது. "இனிமே சூட்டை வெளிச்சத்துக்குள்ள வச்சு அனுப்புங்க. நடுவழியில மறிச்சு உக்காந்திருக்கானே காத்து, வெளிச்சத்தைப் பிடிக்க அவனுக்குக் கை கிடையாது."

சூரியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியே செய்தது. வெளிச்சம் காற்றைக் கடந்து இறங்கியது. காற்று பாய்ந்து பாய்ந்து பார்த்தது, ஒன்றும் சிக்கவில்லை. கரிசல் மண் வெளிச்சத்தை வாங்கிச் சூடாக்கிக்கொண்டது. ஆள்காட்டி திரும்பி வந்தபோது ஒரு முட்டையில் விரிசல் விட்டு, சின்ன அலகு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

இப்போது விறைத்தது காற்றுதான். கூசிக்கொண்டே இறங்கி வந்து தரையை ஒட்டி நின்றது. மண் அதை விரட்டவில்லை.

"வா, காஞ்சுக்கோ. ஆனா மறிச்சு உக்காரக் கூடாது. சூடு ஏறுனதும் எந்திரிச்சு மேல போயிரு. அடுத்த ஆளுக்கு எடம் விடு."

சூரியனுக்குக் கிட்டத்தில் இருந்தும் மலையுச்சி குளிர்வதும், முதலில் தரை சுட்டு அப்புறம்தான் காற்று சுட்டு மேலே எழுவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். கரிந்த தலையோடு ஆள்காட்டி இன்றைக்கும் வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. எவ்வளவு பெரிய ஆள் அந்தப் பக்கம் வந்தாலும், தலைக்கு மேலே பறந்து, நீ யாரு, நீ யாரு என்று கேட்காமல் விடுவதில்லை.