வெளியறையில் ஒரு பதில்

எல்லை முகாமில் இரண்டு கணினி அறைகள் இருந்தன. உள்ளறைக்குப் படையின் ரகசியச் செய்திகள் வரும். வெளியறையில் சம்பளம், விடுமுறை, வீட்டுக்கு எழுதும் செய்திகள். வெளியறையில் இருப்பதை எதிரியும் படிக்கிறான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பது உள்ளே போகலாம். உள்ளே இருப்பது வெளியே வரவே கூடாது.

இரண்டையும் சுபேதார் அருளப்பன் பார்த்துக்கொண்டார். அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவன் செங்கோடன்.

அன்று காலை உள்ளறைத் திரையில் ஒரு செய்தி வந்தது. எல்லைக்கு அப்பால் போன மூவரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்ற இருவரும் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள்.

இறந்தவர் செங்கோடனின் அக்காள் கணவர்.

அவன் வெளியறைக்கு ஓடினான். சுபேதார் பின்னாலேயே போனார். அங்கே திரையில் அக்காவின் செய்தி ஏற்கெனவே வந்து கிடந்தது.

'தம்பி, ஸ்வெட்டர் பின்னி முடிச்சிட்டேன். உன் மச்சானுக்கு இன்னிக்கே பார்சல் போடட்டுமா?'

"ஐயா, ஒரே ஒரு வரி எழுதிக்கிறேன்."

"எழுது. உங்கக்கா அழுவா. அப்புறம் உங்க தெருவே அழும். அதுக்கப்புறம் எதிரி படிப்பான்."

"எங்கக்கா அழறது அவனுக்கு எதுக்குங்கய்யா?"

"காட்டுல சத்தம் கேட்டுச் சுட்டிருக்கான். பன்னியா, ஆளான்னு அவனுக்கு இன்னும் தெரியாது. உங்க வீட்டு ஒப்பாரி அதைச் சொல்லிடும். மீதி ரெண்டு பேரைத் தேட ஆரம்பிச்சிடுவான்."

"அப்ப ஒண்ணும் எழுதாம விட்டுடறேன்."

"தினம் பதில் போடறவன் நீ. இன்னிக்கு மட்டும் சும்மா இருந்தா, முகாம் முழுக்க போன் போட்டுக் கேப்பா."

"அனுப்ப வேணாம்னு சொல்லிடட்டா?"

"ஏன்னு கேப்பா."

செங்கோடன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். சுபேதார் குனிந்து, அவனுக்காக அவரே தட்டினார்.

'போடுக்கா.'

"பொய்யிங்கய்யா இது."

"பொய்தான்."

"உங்க வீட்டுல நடந்திருந்தா இப்படித் தட்டுவீங்களா?"

"மாட்டேன். உன்னை மாதிரிதான் உட்கார்ந்திருப்பேன். பக்கத்துல நிக்கிறவன்தான் தட்டணும்."

உடனே பதில் வந்தது.

'சரி சாமி. போன தடவை தொளதொளன்னு இருக்குன்னு கேலி பண்ணாரு. இப்ப இளைச்சிருக்காரா, இல்ல அப்படியேதான் இருக்காரா?'

செங்கோடன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். சுபேதார் இந்த முறை குனியவில்லை.

"எவ்வளவு நேரத்துக்குங்கய்யா நான் இப்படியே எழுதிட்டிருக்கறது?"

"அந்த ரெண்டு பேரும் எல்லை தாண்டற வரைக்கும்."

"நல்லா நடக்கிறவங்கதானே? இந்நேரம் வந்திருக்கணுமே?"

"நல்லா நடக்கிறவங்கதான். உங்க மச்சானைத் தூக்கிட்டு வர்றாங்க."