சம்பந்தப்பட்டவர் பேசக் கூடாது

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த சுகந்தி சொன்னது. அவளுக்குச் சொன்னவர் அவளுடைய அத்தை. அரசு மருத்துவமனையில் நர்ஸ். அத்தைக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கதை நடந்த ஊரை ஆளுக்கொரு பெயரில் சொல்கிறார்கள். அதனால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் கேட்டபடியே.

ஒரு சமஸ்தானம். அதன் ராஜா வீரசுந்தர பூபதி நல்லவர்தான். முறுக்கு என்றால் உயிர். சிக்கலான விஷயம் எது வந்தாலும், “அதற்கு ஒரு மன்றம் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை இழுத்துக்கொள்வார்.

அப்படி வந்ததுதான் உடல்நெறி மன்றம். பெண்கள் கருவைக் கலைக்க வேண்டுமென்றால் இந்த மன்றத்தின் அனுமதி வேண்டும். தலைவர் பிரதானி ஆவுடையப்பர், அதாவது முதல் மந்திரி. கூடவே அரண்மனை ஜோதிடரும் தளபதியும். ஆணையை எழுதியவர் பிரதானி. ‘கர்ப்பம்’ என்று எழுத அவருக்குக் கூச்சம். ஆகவே, ‘உடம்பில் உள்ளதை எடுக்க மன்றத்தின் அனுமதி வேண்டும்’ என்று நாசூக்காக எழுதிவிட்டார்.

முதல் வழக்கு பூவாயியுடையது. அரண்மனைக்குப் பூக்கட்டுகிறவள். போன பிரசவத்தில் சாகக் கிடந்து பிழைத்தவள். இப்போது மறுபடி கர்ப்பம். “இன்னொரு பேறு உன் உடம்பு தாங்காது” என்று மருத்துவச்சியே சொல்லிவிட்டாள். மருந்தும் தயார். அனுமதிதான் பாக்கி.

மன்றம் பூவாயியின் கணவனைக் கேட்டது. “அவ சொல்றதுதான் சாமி” என்றான் அவன். மாமியாரைக் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டது. நந்தவனத் தோட்டக்காரரையும் கேட்டது. கடைசியில் பூவாயி வாயைத் திறந்தாள்.

“ஐயா, எனக்கு…”

“நீ பேசாதே அம்மா” என்றார் பிரதானி. “நீ சம்பந்தப்பட்டவள். வலியிலும் பயத்திலும் இருக்கிறவர் பேசினால் நடுநிலை கெட்டுவிடும்.”

தேர்த் திருவிழா முடிந்து பார்க்கலாம் என்று வழக்கைத் தள்ளிவைத்தார்கள். மருத்துவச்சி தலையில் அடித்துக்கொண்டாள். “தேர் நிலைக்கு வருகிற வரைக்கும் வயிறு காத்திருக்குமா? நாள் கடந்தால் நானே மருந்து கொடுக்கப் பயப்படுவேன்.”

பூவாயி நேராகச் செங்கமலத்திடம் போய் அழுதாள். செங்கமலம் ராஜாவுக்கு விடுகதை போடுவதற்கென்றே சபையில் இருந்தவள். வாய்த் துடுக்கு அதிகம். அன்றே ராஜாவிடம் பேசிப் பார்த்தாள்.

“மன்றம் இருக்கும்போது நான் தலையிடலாமா?” என்றார் ராஜா, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. முறுக்கு கடித்ததில் கடைவாய்ப் பல் பிளந்திருந்தது. கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. “பல்லைப் பிடுங்க வைத்தியர் வருகிறார். நீ அப்புறம் வா.”

வைத்தியர் குறடோடு வந்தார். செங்கமலம் குறுக்கே நின்றாள்.

“மகாராஜா, மன்றத்தின் அனுமதி இருக்கிறதா?”

“பல்லுக்கா?”

“உடம்பில் உள்ளதை எடுக்க அனுமதி வேண்டும் என்றுதானே ஆணை. பல் உடம்பில்தானே இருக்கிறது?”

பிரதானி ஆணையைப் படித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. எழுதியதே தவறு என்று ஒப்புக்கொள்ள மனமில்லை. மன்றம் கூடியது.

“இது ராஜாவின் பல். அதாவது நாட்டின் பல்” என்று தொடங்கினார் ஜோதிடர். “இந்த மாதம் பல் எடுத்தால் மழைக்கு ஆகாது.”

“பல் இல்லாத ராஜாவைப் பார்த்து எதிரி பயப்படுவானா?” என்றார் தளபதி.

“என் மாமனாருக்கும் பல் வலித்தது. பொறுத்துக்கொண்டார். பொறுமைதான் அழகு” என்றார் பிரதானி.

மகாராணியைக் கேட்டார்கள். சமையற்காரரைக் கேட்டார்கள். முறுக்கு சுட்டவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ராஜா ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ம்… நான்… எனக்கு…”

“மகாராஜா, பேசாதீர்கள்” என்றாள் செங்கமலம். “தாங்கள் சம்பந்தப்பட்டவர். வலியில் வேறு இருக்கிறீர்கள். நடுநிலை கெட்டுவிடும்.”

“அதானே” என்றார் பிரதானி, யோசிக்காமல். “தேர்த் திருவிழா முடியட்டும்.”

ராஜா தூணை விட்டார்.

“வலி எனக்கு. வாய் என்னுடையது. எடுப்பதா வைப்பதா என்று நான்தான் சொல்வேன். அதைச் சொல்ல நீங்கள் யார்?”

செங்கமலம் ஓலை எழுதுகிறவர் பக்கம் திரும்பினாள்.

“எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பூவாயி வழக்கில் மகாராஜாவின் தீர்ப்பு.”

பிரதானி துள்ளி எழுந்தார். “அது பல்லுக்குச் சொன்னது. பல்லும் பிள்ளையும் ஒன்றா?”

“ஒன்றில்லை ஐயா. பல்லை எடுக்காவிட்டாலும் மகாராஜா பிழைத்துக்கொள்வார். பூவாயி பிழைக்க மாட்டாள்.”

எழுத்தாணியைப் பிடித்தபடி எழுதுகிறவர் ராஜாவைப் பார்த்தார். “மகாராஜா, எப்படி எழுதட்டும்?”

ராஜா ஓலையைக் காட்டினார்.

“நான் சொன்னதை அப்படியே எழுது. வாய் என்கிற இடத்தில் மட்டும் வயிறு என்று போட்டுக்கொள்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்ததில் பல் இன்னும் வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

வைத்தியர் பல்லைப் பிடுங்கினார். மருத்துவச்சி அன்றே பூவாயிக்கு மருந்து கொடுத்தாள், அவள் பிழைத்தாள். செங்கமலத்துக்குப் பட்டும் பொற்காப்பும் கிடைத்தன. மன்றத்தைக் கலைக்கவில்லை. அரண்மனைத் தோட்டத்துப் பூசணிக்காய்களை எப்போது பறிப்பது என்று முடிவு செய்யும் வேலையை அதற்குக் கொடுத்தார்கள். பூசணிக்காய் குறுக்கே பேசாது.

இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சரிபார்த்தேன். கருக்கலைப்புக்குக் கணவன் கையெழுத்து கட்டாயம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். சட்டத்தை எடுத்துப் படித்தேன். எத்தனை வாரம் வரை, எந்த டாக்டர் என்று நிபந்தனைகள் இருக்கின்றன. ஆனால் பதினெட்டு வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண் என்றால் சட்டம் கேட்பது அவளுடைய சம்மதத்தை. கணவனின் கையெழுத்தை அது எங்கேயும் கேட்கவில்லை.