ஜூலை பதினாலில் மட்டும் ஓடும் டப்பா

அசமந்தபுரம் கடற்கரையில் அலைக் கணிப்பு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாலு பேர் வேலை பார்ப்பதாக அரசாங்கம் நம்பிக்கொண்டிருக்கிறது.

தலைவர் முனைவர் தணிகாசலம். அவருக்கு அடுத்தவர் உமையொருபாகம். அதற்கடுத்து கொழந்தவேலு. கடைசி நாற்காலி பிலவேந்திரனுடையது. அதற்கு மூன்று கால்தான் என்பதால் அவன் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே யோசிப்பான்.

நாலு பேருக்கும் சேர்த்து ஒரே வேலை. அன்றன்றைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்று உண்டு. அதை ஓட்டி, வருகிற எண்ணை மீன் இறங்குதளத்துப் பலகையில் எழுத வேண்டும். மென்பொருளோ மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும் ஜாதி. கூடவே அந்தப் பழைய துணை நிரல் இருந்தால்தான் ஆச்சு, அதிலும் இந்தப் பதிப்பு இல்லாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அடம். அதனால் தலைமையகத்து சாரதாமணி மேடம் அது கேட்ட சாமான் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து ஒரு கன்டெய்னருக்குள் அடைத்துக் கொடுத்திருந்தார். கணினிக்குள்ளேயே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத டப்பா அது. காலையில் ஒரு பட்டியலைக் கொடுத்தால், கணினி வலையிலிருந்து ஒவ்வொரு சாமானாக இறக்கி டப்பாவைப் புதிதாகக் கட்டிவிடும். நாலு பேரும் டீ குடிக்கலாம்.

ஜூலை பதினாலாம் தேதி வரை டீ நன்றாகத்தான் இருந்தது. பதினைந்தாம் தேதியிலிருந்து டப்பா கட்டவே மாட்டேன் என்றது. பலகை காலி. மூன்று வாரம் ஆயிற்று.

இதில் மாட்டிக்கொண்டவன் பிலவேந்திரன்தான். ஜூலை இருபதாம் தேதிதான் அவனுக்கும் விசைப்படகு சந்தியாகுவின் மகள் டெல்பினுக்கும் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் ஆகஸ்ட் இருபது. மாதாகோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்றும் கேட்டாயிற்று. மூன்றாவது ஓலைதான் பாக்கி. சந்தியாகு அவனை இறங்குதளத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஏம் மாப்ள, பலகையில நம்பர் போடுற உத்தியோகம்னுதானே பொண்ணு தர்றேன்னேன். நம்பரு எங்க?"

"டப்பா கட்ட மாட்டேங்குது மாமா."

"டப்பாவா, டிரம்மா, எனக்கென்னத்துக்கு? ஞாயித்துக்கெழமைக்குள்ள பலகையில நம்பர் வரணும். வரலைன்னு வையி, சாமியார் 'ஆட்சேபணை உண்டா'ன்னு கேக்கும்போது மொத ஆளா நான் எந்திரிப்பேன்."

அன்று புதன்கிழமை. பிலவேந்திரன் ஓட்டமாக ஓடிவந்து மேடத்துக்குப் போன் போட்டான்.

"எங்க தடுக்குதுன்னு கணினியே லாக்ல எழுதி வச்சிருக்கும், அதை முழுசாப் படிங்க," என்றார் மேடம்.

நாலு பேரும் கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாலாயிரத்து இருநூறு வரி. தணிகாசலம் ஒரு வரி படிக்க, மற்ற மூவரும் மறு வரி படிக்க, பிரார்த்தனை மாதிரி சாயங்காலம் வரை போயிற்று. 'சான்றிதழ் ஜூலை பதினாலோடு காலாவதி' என்ற வரியைக் கொழந்தவேலு ராகம் போட்டே படித்தார். முடிந்ததும் பிலவேந்திரன் மேடத்தைக் கூப்பிட்டான்.

"படிச்சு முடிச்சிட்டோம் மேடம்."

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்க படிக்கத்தானே சொன்னீங்க?"

 மேடம் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில் சொன்னார்: "சரி, இப்படிப் பண்ணுங்க. கடைசியா டப்பா என்னிக்கு ஒழுங்கா வந்ததோ, அன்னிக்கு இருந்த நிலைமையை அப்படியே திரும்பக் கொண்டு வாங்க. ஒண்ணு விடக்கூடாது. ஓடிச்சுன்னா, அப்புறம் ஒவ்வொண்ணா இன்னிக்கு இருக்கிற மாதிரி மாத்துங்க. எதை மாத்தினதும் நிக்குதோ, அதுதான் பிரச்சனை."

"ஒண்ணு விடக்கூடாது," என்று தணிகாசலம் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். வியாழன் காலையில் ஆலோசனைக் கூட்டம்.

"ஜூலை பதினாலு அன்னிக்கு என்னென்ன இருந்துது? யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்குக் கடவாய்ப்பல் வலி இருந்துது," என்றார் உமையொருபாகம். "அப்புறம் பிடுங்கியாச்சு."

"பல்லைத் திரும்ப வைக்கணுமே?"

"பல்லைக் குப்பையில போட்டுட்டாங்க சார். வலி மட்டும் போதாதா?"

தணிகாசலம் யோசித்தார். "பல்லு வாய்க்குள்ள இருந்துது. அது டப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது. முனகினது வெளிய கேட்டிருக்கும். அதனால வலி போதும்." வலிக்கு ஏற்பாடாகக் கொழந்தவேலு உமையொருபாகத்தின் கன்னத்தில் ஒன்று வைத்தார். முனகல் உடனே வந்தது.

கொழந்தவேலுவுக்கு வேறு சிக்கல். ஜூலையில் அவர் தலையில் முடி இருந்தது. நடுவில் வேண்டுதலுக்காக மொட்டை போட்டிருந்தார். தேங்காய் நாரை ஒட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. சரியாக வகிடு எடுக்க அரைமணி நேரம் பிடித்தது. அன்றைக்கு மத்தியானம் எலுமிச்சை சாதம், அதுவும் கொஞ்சம் உப்புக் கூட. பத்து நிமிஷம் கரண்டும் போயிருந்தது. எல்லாம் பட்டியலில் ஏறியது. நாள்காட்டியில் கிழித்துப் போட்ட தாள்களைப் பொறுக்கி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி ஜூலை பதினாலுக்குக் கொண்டுவந்தார்கள். கணினியிலும் தேதியைப் பின்னால் தள்ளினான் பிலவேந்திரன்.

"எல்லாம் ஆச்சா?"

உமையொருபாகம் முனகலை நிறுத்திவிட்டு விரலை நீட்டினார். "அவன் கையில மோதிரம்!"

எல்லாரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள்.

"நிச்சயம் இருபதாம் தேதிதானே?" என்றார் தணிகாசலம். "பதினாலாம் தேதி உனக்கு ஏதுப்பா மோதிரம்?"

"கழட்டிப் பையில வச்சுக்கிறேன் சார்."

"பையில இருந்துதா அன்னிக்கு? அவங்க வீட்ல இருந்துது. அவங்க வீட்லயே இருக்கணும்."

பிலவேந்திரன் மோதிரத்தைப் பார்த்தான். கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் டப்பா ஓட வேண்டும். டப்பா ஓட வேண்டுமென்றால் கல்யாணமே நிச்சயமாகியிருக்கக் கூடாது. சாய்ந்து யோசித்துப் பார்த்தான், நிமிர்ந்து யோசித்துப் பார்த்தான், இரண்டு விதத்திலும் அது சரியாகவே இருந்தது. போனான்.

நல்லவேளை, சந்தியாகு வலை வாங்கப் போயிருந்தார். டெல்பின்தான் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா மோதிரம். நமக்கு இன்னும் நிச்சயம் ஆகல."

"எப்பருந்து?"

"இன்னிக்குக் காலையிலருந்து. டப்பா வந்ததும் திரும்ப ஆயிடும்."

டெல்பின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அலுவலகத்துல நாலு பேருமே இப்படித்தானா, இல்ல நீங்க மட்டுந்தானா?"

"நான்தான் கடைசி. மத்தவங்க எல்லாம் எனக்கு மேல."

"விளங்கிரும்," என்று சொல்லிவிட்டு, மோதிரத்தை வாங்கித் தன் விரலில் போட்டுக்கொண்டு காக்காயை விரட்டப் போனாள்.

அவன் திரும்பி வந்ததும், உப்புக் கூடின எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, மெயினை அணைத்துப் பத்து நிமிஷம் வியர்த்து, மெயினைப் போட்டுக் கணினியைத் தட்டினார்கள். சாமான்கள் மளமளவென்று இறங்கின. டப்பா கட்டி முடிந்தது. சோதனை எல்லாம் தேறியது. திரையில் எண் வந்தது: அரை மீட்டர்.

உமையொருபாகம் ஆனந்தத்தில் கூச்சல் போட்டார். "முனகுங்க, முனகுங்க!" என்று மற்ற மூவரும் அவர் வாயைப் பொத்தினார்கள்.

இனி ஒவ்வொன்றாக மாற்றவேண்டிய கட்டம். வெள்ளிக்கிழமை முழுக்க அதுதான் வேலை. முனகலை நிறுத்தினார்கள், டப்பா வந்தது. நாரை உரித்தார்கள், கொழந்தவேலு கதறினார், டப்பா வந்தது. எலுமிச்சை சாதத்துக்குப் பதில் தயிர் சாதம், வந்தது. பிலவேந்திரன் போய் டெல்பினிடம் கெஞ்சி மோதிரத்தை வாங்கிவந்து போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். அப்போதும் வந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பியது.

மிச்சம் தேதி ஒன்றுதான். மாற்றினார்கள். டப்பா படுத்துவிட்டது. மறுபடி ஜூலை பதினாலு. எழுந்துவிட்டது.

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேடத்துக்குத் தாமே போன் செய்தார். "கண்டுபிடிச்சாச்சு மேடம். தப்பு டப்பாவில இல்ல, எங்ககிட்டயும் இல்ல. இன்னிக்குத் தேதியிலதான் தப்பு."

"சார், சாமான் இறக்க விடுற சான்றிதழ் காலாவதியாயிடுச்சு. பழைய தேதி வச்சதால அது இன்னும் செல்லும்னு கணினி ஏமாந்திருக்கு. புதுசு அனுப்புறேன், மாத்திப் போட்டுட்டா போதும்."

"ஓடிட்டிருக்கே மேடம். 'ஓடுறதைத் தொடாதீங்க'ன்னு போன வருஷம் நீங்கதானே எழுதினீங்க? அந்தக் கடுதாசியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கோம்."

மேடம் போனை வைத்துவிட்டார். அதை அவர்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். அன்றே தணிகாசலம் கையெழுத்திட்டு ஓர் உத்தரவு ஒட்டினார்: 'தேதி சரிசெய்யப்படும் வரை இந்த நிலையத்தின் வாசற்படிக்குள் ஜூலை பதினாலு.'

சனிக்கிழமை பலகையில் எண் ஏறியது. 'ஜூலை 14. அலை உயரம் அரை மீட்டர்.' சந்தியாகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கடலில் அன்றைக்கு ஆள் உயர அலை. படகெல்லாம் கரையில். பிலவேந்திரன் பக்கத்தில் சாக்கட்டியோடு நின்றான்.

"ஜூலை பதினாலு," என்று சந்தியாகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு நான் தொழிலுக்குப் போயிருந்தேன். அரை மீட்டர்தான். கொஞ்சம்கூடப் பிசகல." அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "மாப்ள, உங்க ஆபீசு இதுவரைக்கும் இவ்வளவு கரெக்டா சொன்னதே இல்லையே!"

ஞாயிற்றுக்கிழமை சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்து, "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டபோது சந்தியாகு எழுந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. "ஒண்ணுமில்ல சாமி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த தொல்லை, விடுப்பு. திங்கட்கிழமை பிலவேந்திரன் விண்ணப்பத்தை நீட்டினான்.

"ஆகஸ்ட் இருபதுக்கா?" தணிகாசலம் நாள்காட்டியைப் பார்த்தார். "முப்பத்தேழு நாள் இருக்கேப்பா. கிட்ட வந்ததும் கேளு."

செவ்வாய்க்கிழமை கேட்டான். முப்பத்தேழு நாள் இருந்தது. அடுத்த வாரம் கேட்டான். அப்போதும் முப்பத்தேழுதான். கடைசியில் கல்யாணம், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நடந்தது. பகல் பன்னிரண்டரைக்கு அவன் வாசற்படியைத் தாண்டி ஆகஸ்டுக்குள் குதித்து ஓடினான். சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் முழுங்கினார். தாலி கட்டினான், மோதிரம் மாற்றினான், பிரியாணி ஒரு வாய் வைத்தான். ஒன்றரைக்கு மூச்சிரைக்கத் திரும்பி வந்து, மாலையையும் மோதிரத்தையும் படிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு ஜூலைக்குள் நுழைந்தான்.

மறுநாள் மத்தியானம் டெல்பின் புதுப்புடவையில், தலை நிறையப் பூவோடு, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாருப்பா அது?" என்றார் தணிகாசலம்.

பிலவேந்திரன் மூன்று கால் நாற்காலியில் சாய்ந்தபடி அவளை நன்றாகப் பார்த்தான். முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"தெரியல சார். ஆனா லட்சணமா இருக்கு. வீட்டுல சொல்லிப் பொண்ணு கேக்கச் சொல்லலாமான்னு பாக்குறேன்."